எங்க பாட்டுக்கு நாட்டார்னு பேரா?

எம்.ஏ. தமிழ் வகுப்பில் 'நாட்டார்' என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் உண்டு. நாட்டார் பாடல், நாட்டார் கதை, நாட்டார் தெய்வம், நாட்டார் வழக்காற்றியல். எளிய சனங்கள், உழைக்கிற மக்கள் என்று பொருள் சொல்லித் தருவார்கள். நல்ல மனசோடு வைத்த பேர்தான், அதில் சந்தேகமில்லை.

அந்தச் சொல்லை எங்கள் சிவகங்கைச் சீமைக்குக் கொண்டு வந்து சொல்லிப் பாருங்கள். பிள்ளையார்பட்டியில் தொடங்கி காரைக்குடி, தேவகோட்டை, கண்டதேவி வரைக்கும் எந்தச் சேரியில் வேண்டுமானாலும் நின்று 'நாட்டார்னா யாரு?' என்று கேளுங்கள். உழைக்கிற சனம் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். 'நாட்டுக்குப் பெரியவுக, அம்பலகாரவுக, கோயில்ல மொத மரியாதை வாங்குறவுக' என்றுதான் சொல்வார்கள். கண்டதேவி கோயில் தேருக்கு உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்று நான்கு நாடு. நான்கு நாட்டுக்கும் நாட்டார்கள். வடமும் மரியாதையும் அவர்களுக்கு. நாங்களும் வடம் பிடிப்போம் என்று எங்கள் சனம் 1998இல் கேட்டது. அதிலிருந்து அந்தத் தேர் நின்றதும், போலீஸ் காவலில் ஓடியதும், மறுபடி நின்றதுமாகக் கிடந்தது. 2006க்குப் பிறகு ஓடாமல் நின்ற தேர் 2024 ஜூன் மாதம்தான், நீதிமன்றம் சொல்லி, ஊர் நிறையப் போலீசைக் குவித்து, மறுபடி நகர்ந்தது. ஆக, நாட்டார் என்பது எங்கள் பக்கம் செத்துப்போன சொல் இல்லை. உயிரோடு, அதிகாரத்தோடு, பரிவட்டத்தோடு இருக்கிற சொல்.

இந்தச் சீமையில், வயக்காட்டில் குனிந்துகொண்டே சேரிப் பொம்பளை கட்டிய பாட்டுக்கு 'நாட்டார் பாடல்' என்று பேர் வைத்தால் அந்தப் பாட்டுக்கான பட்டா யார் பேருக்குப் போகிறது? இதுதான் என் கேள்வி.

'ஒரு சொல்லுக்கா இவ்வளவு சண்டை?' என்று கேட்பீர்கள். சொல்லுக்குத்தான் சண்டை. சொல்லை வைத்துத்தான் எங்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். கொஞ்சம் பொறுமையாக வரலாற்றைப் பாருங்கள்.

1930 டிசம்பர். அப்போது இது இராமநாதபுரம் மாவட்டம். இங்கிருந்த கள்ளர் சமூகத்து நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளைப் போட்டார்கள். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், 1946இல் வந்த தன் சாதி பற்றிய நூலில் பட்டியல் போட்டே எழுதியிருக்கிறார். தங்க நகை, வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. இனிமேல் சொல்வதைக் கவனியுங்கள்: பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மூடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. மஞ்சள் பூசக்கூடாது.

மீறினவர்களை என்ன செய்தார்கள்? குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். தானியக் குதிர்களையும் சொத்தையும் அழித்தார்கள். ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அதையும் ஹட்டனே எழுதியிருக்கிறார்.

எட்டுத் தடை போதவில்லை. 1931 ஜூனில் பதினோரு தடைகள் வந்தன, இந்த முறை தேவேந்திரகுல வேளாளர்களையும் பேர் சொல்லிச் சேர்த்து. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்புக்குடமும் பித்தளைக்குடமும் கூடாது. குடத்துக்கு அடியில் வைக்கோலால்தான் சும்மாடு, துணிச் சும்மாடு கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரின் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. கல்யாணத்திலும் விசேஷத்திலும் மேளம் முதலான இசை கூடாது.

துணிச் சும்மாடு கூடாது என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் பாருங்கள். தலைக்கும் குடத்துக்கும் நடுவில் இருக்கிற நாலு விரற்கிடை இடத்தைக்கூட அவன் விட்டு வைக்கவில்லை. பெண் உடம்பின் மேல் சாதி எப்படி ஏறி உட்காருகிறது என்று ஆயிரம் பக்கம் ஆய்வு எழுதத் தேவையில்லை. அந்தச் சும்மாடு போதும்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பத்தொன்பது தடைகளில் இரண்டு பாட்டோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று, உன் கல்யாணத்துக்கு இசை கூடாது. இன்னொன்று, உன் பிள்ளை படிக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்து வைத்து யோசியுங்கள்.

இசை கூடாது என்று சொன்ன அதே ஆதிக்கச் சாதிகள், தங்கள் வீட்டில் ஒருவர் செத்தால் முதலில் ஆள் அனுப்புவது எங்கே? சேரிக்குத்தான். பறையடிக்க ஆம்பளை, மாரடித்து ஒப்பாரி வைக்கப் பொம்பளை. உன் வீட்டுக் கல்யாணத்தில் நீ வாயைத் திறக்காதே, என் வீட்டு எழவுக்கு வந்து தொண்டை கிழியப் பாடு என்பதுதான் அந்த ஏற்பாடு. சந்தோஷம் அவர்களுக்குச் சொந்தம், அவர்களுடைய துக்கத்தைச் சுமப்பது எங்களுக்கு வேலை. கூலி என்ன? கொஞ்சம் நெல், ஒரு பழைய சேலை. சில இடத்தில் அதுவும் இல்லை, 'வழக்கம்' என்று ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகும்.

என் அப்பத்தா அப்படிப் பாடப் போனவர். நான் கேட்டேன், 'ஏன் அப்பத்தா, நம்மள வாசப்படி ஏறவிடாதவுகளுக்கு நீ எப்படி அழுத?' அவர் சொன்னார்: 'நான் அவுகளுக்கா அழுதேன்? எங்கப்பன நெனச்சு அழுதேன், பால்குடி மறக்காம செத்த பிள்ளைய நெனச்சு அழுதேன். காஞ்ச வகுத்த நெனச்சு அழுதேன். அவுக காதுக்கு அது அவுகளுக்கு அழுத மாதிரி இருந்துச்சு, அம்புட்டுத்தான்.'

எந்தப் பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? ஒரே பாட்டுக்குள் இரண்டு பாட்டு. வெளியே இருக்கிறவனுக்கு ஒன்று, பாடுகிறவளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து மாரடிக்கிற அவள் கூட்டாளிகளுக்கும் ஒன்று. கட்டாயமாக வாங்கப்பட்ட வேலைக்குள்ளேயே தன் சொந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிற கலை அது. இதைச் செய்தவளை 'எழுத்தறிவற்ற முதியவள்' என்று நம் ஆய்வாளர் எழுதி வைக்கிறார்.

எழுத்தறிவற்றவள்! எப்படி அற்றுப்போனது? தானாகவா? பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று தடை போட்டுக் குடிசையைக் கொளுத்தியவர்கள் ஒரு பக்கம். 'வாய்மொழி மரபு' என்று அதற்கு அழகாகப் பேர் வைத்தவர்கள் இன்னொரு பக்கம். எங்கள் பாட்டிகள் வாயால் பாடினார்கள் என்றால், வாய் ஒன்றைத்தான் அவர்களிடமிருந்து பிடுங்க முடியவில்லை என்று அர்த்தம். அதை மரபு என்று கொண்டாடுகிறவர்கள், பலகையையும் பலப்பத்தையும் பிடுங்கின கையைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டாமா?

நடவுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 'களைப்புத் தீரப் பாடுவது' என்று போட்டிருப்பார்கள். களைப்புத் தீர என்றால் சும்மா உட்கார்ந்தால் தீராதா? நடவுப் பாட்டு ஒரு தொழில்நுட்பம். முன்னால் ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அவள் எடுக்கிற வேகத்துக்குத்தான் வரிசை பின்னால் நகரும். வரிசையில் பிள்ளைத்தாச்சி நின்றால், மாதவிலக்கு வலியோடு ஒருத்தி நின்றால், அவள் பாட்டை இழுத்துப் பாடுவாள். வரிசை மெதுவாகப் போகும். வரப்பில் குடையோடு நிற்கிறவனுக்கு அது பாட்டு, சேற்றில் நிற்கிறவளுக்கு அது மூச்சு வாங்கிக்கொள்ள ஓர் இடம். அந்த வரப்புக்காரனையே கேலி பண்ணுகிற வரியும் அதில் வரும். மாடு என்று சொல்வாள், மடையன் என்று சொல்வாள். சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும் யாரைச் சொல்கிறாள் என்று. அவன் சிரித்துக்கொண்டே நிற்பான். நாற்பது பெண்கள் அவன் முன்னாலேயே அவனைத் திட்டிவிட்டு, சாயங்காலம் கூலியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். கலகம் கலகம் என்று நாம் பத்திரிகையில் எழுதுகிறோமே, அதைச் சேற்றுக்குள் நின்று செய்தவர்கள் இவர்கள்.

பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகருக்குச் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் முக்குறுணிக் கொழுக்கட்டை படைப்பது பிரசித்தம். நாடெங்கும் இருந்து கார் போட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அரிசி என்பது கடையில் முளைப்பதில்லை. நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து, தூற்றி, புடைத்துக் கொடுத்த கைகள் இந்தச் சீமை முழுக்க யாருடைய கைகள்? அந்த நெல் வளர்கிற மூன்று நான்கு மாதமும் அதன் காதில் விழுந்தது மந்திரம் இல்லை, எங்கள் பெண்களின் பாட்டு. கொழுக்கட்டைக்குக் கணக்கு இருக்கிறது. பாட்டுக்கும் பாடினவளுக்கும் எந்தக் கணக்கும் இல்லை.

'வாய்மொழிப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது சமூகத்தின் பொதுச்சொத்து' என்று பாடம் நடத்துகிறார்கள். நானும் பரீட்சையில் அதை எழுதி மார்க் வாங்கினவள்தான், எழுதாவிட்டால் பாஸ் போட மாட்டார்கள். ஆனால் சேரியில் போய்க் கேட்டுப் பாருங்கள். 'இந்த அடி இன்னாரு கட்டுனது', 'இது எங்க சின்னாத்தா மட்டுந்தான் பாடும், வேற யாருக்கும் வராது', 'அந்தத் தெருக்காரி எங்க பாட்டக் களவாண்டு பாடுறா' என்று பஞ்சாயத்தே நடக்கும். பாட்டுக் கட்டுகிறவள் யார், திருப்பிப் பாடுகிறவள் யார் என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆசிரியர் இல்லாத பாட்டு என்று ஒன்று சேரியில் இல்லை. அது ஆய்வாளரின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

சரி, உண்மையிலேயே பேர் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தமிழ் மரபு அதற்கு என்ன செய்தது? குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுக்குப் புலவர் பேர் தெரியவில்லை. விட்டுவிட்டார்களா? அந்தப் பாட்டுக்குள்ளேயே நல்ல தொடராக ஒன்றை எடுத்து, அதையே பேராக வைத்து, 'ஆர்' என்று மரியாதை விகுதியும் போட்டார்கள். செம்புலப் பெயல்நீரார். அணிலாடு முன்றிலார். ஓரேருழவர். இரண்டாயிரம் வருஷம் கழித்து நாம் இன்றைக்கும் அந்தப் பேர்களைச் சொல்கிறோம். பேர் தெரியாத புலவருக்கே பேர் வைத்த மொழி இது. அந்த மொழியில் முனைவர் பட்டம் வாங்கினவர், உயிரோடு எதிரே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பாடுகிற எங்கள் ஆத்தாவுக்கு ஒரு 'ஆர்' விகுதி போட யோசிக்கிறார் என்றால் அது மறதியா, சாதியா?

பல தொகுப்புகளில் பாட்டுக்கு அடியில் சேகரித்தவர் பேர் இருக்கும். இடம் இருக்கும். வட்டார வழக்குக்கு அருஞ்சொற்பொருள் இருக்கும். பாடினவர் பேர் இருக்காது. பாடினவர் பேரையும் மரியாதையாகப் போட்ட தொகுப்பாளர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் பேர் போட்டாலும் எங்கே போடுகிறோம்? பின்னிணைப்பில். என்னவென்று? 'தகவலாளி' என்று. பேர், வயது, சாதி, படிப்பு, தொழில். ஆதிதிராவிடர், படிப்பு இல்லை, கூலி. இது கவிஞரை அறிமுகப்படுத்துகிற முறையா, போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிற முறையா? பாட்டைக் கொடுத்தவள் தகவலாளி, டேப்பை அமுக்கினவர் ஆசிரியர். நான் படித்த கல்லூரியில் என் அப்பத்தாவின் ஒப்பாரியை ஆய்வேட்டில் சேர்த்தபோது தலைப்புப் பக்கத்தில் அவர் பேரையும் போட வேண்டும் என்று கேட்டேன். 'அதெல்லாம் மரபு இல்லம்மா, நன்றியுரையில் போட்டுக்கோ' என்றார்கள். நன்றி சொல்ல அவர் எனக்குக் காபித்தண்ணியா போட்டுக் கொடுத்தார்? ஏட்டில் பாதி அவருடையது.

இது பல்கலைக்கழகத்து வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். செட்டிநாடு என்ற பேருக்கு இன்றைக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. கிடைக்கட்டும், சந்தோஷம். பனையோலை கிழித்து முடைகிறவளுக்கும் தறியில் உட்காருகிறவனுக்கும் நாலு காசு கூடக் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் குறியீடு காப்பாற்றுவது எதை? ஊரின் பேரை. கையின் பேரை இல்லை.

பர்மாத் தேக்குத் தூண்களைக் கைடு காட்டுவார். கண்ணாடி மாதிரி மின்னுகிற சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வார். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளையும் சேர்த்த கலவை என்று பெருமையாகச் சொல்வார். அந்தச் சுண்ணாம்பை அரைத்தது யார், தலையில் சுமந்து சாரம் ஏறியது யார், ஊருணியிலிருந்து மண்குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றியது யார்? எந்தக் கைடும் சொல்வதில்லை. கொத்தனார் பேரும் தெரியாது, சித்தாளின் பேரும் தெரியாது. வைக்கோல் சும்மாட்டை மியூசியத்தில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பேர் கிடைப்பதற்கு எங்கள் சீமையில் ஒரு பெண்ணுக்குச் சினிமா தேவைப்பட்டது. காளையார்கோயில் பக்கத்துக் கொல்லங்குடியைச் சேர்ந்த கருப்பாயி அம்மாள், வயக்காட்டுப் பாட்டை வானொலிக்குக் கொண்டு போனவர். 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்தார், பாடினார். அதன்பிறகுதான் தமிழ்நாடு அவர் பேரைத் தெரிந்துகொண்டது. கலைமாமணி விருதும் வந்தது. 2025இல் மறைந்தார். அவர் பேரோடு ஊர்ப் பேரும் சேர்ந்தே நிலைத்தது, அது பெரிய காரியம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மைக் வைத்த வானொலிக்காரரும் காமிரா வைத்த இயக்குநரும் வராத ஊர்களில் எத்தனை கருப்பாயிகள் பாடிப் பாடிச் செத்திருப்பார்கள்?

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. புதுச்சேரிப் பக்கத்துக் கிராமத்தில் வீரம்மா என்ற பறையர் சமூகத்துப் பெண் சொன்ன வாழ்க்கையையும் பாட்டையும் வருஷக்கணக்கில் டேப்பில் பதிவு செய்து புத்தகமாக்கினார்கள். 1995இல் பிரெஞ்சில் வந்தது, 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. அட்டையில் மூன்று ஆசிரியர்கள். முதல் பேர் வீரம்மா. பதிவு செய்த ஜோசியான் ரசின், ழான்-லுக் ரசின் பேர்கள் அதற்கு அடுத்துத்தான். எழுதத் தெரியாத பெண் ஒரு புத்தகத்தின் ஆசிரியராக இருக்க முடியும் என்று பாரீசில் ஒத்துக்கொண்டார்கள். நம்மூர்த் தமிழ்த்துறைக்கு மட்டும் அது தொண்டையில் சிக்குகிறது.

இனி நம்மாட்களிடம் வருகிறேன். தோழர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. சேரிப் பேச்சே எழுத்தாக வந்தது. 'இது கொச்சை' என்று முகம் சுளித்தவர்களுக்கு நாம் பதில் சொன்னோம். பறை சாவுக்கு மட்டும் அடிப்பதில்லை, அது எங்கள் கலை, எங்கள் போர்க்குரல் என்று மேடை ஏற்றினோம். சரியான காரியம். ஆனால் அந்த மேடையைத் திரும்பிப் பாருங்கள். பறை ஆம்பளைப் பையன்கள் கையில், மைக் ஆம்பளைத் தலைவர் கையில். பெண்கள் எங்கே? மாநாட்டுப் பந்தலில் கூட்டம் காட்ட. சமையல் கொட்டகையில். தலைவர் கார் வந்து நின்றதும் 'அம்மாமாரெல்லாம் குலவை போடுங்க' என்று ஒரு தோழர் மைக்கில் கத்துவார். குலவை என்ன, தலைவருக்கு அடிக்கிற ஹாரனா? நடவு தொடங்குகையிலும் முளைப்பாரி தூக்குகையிலும் பெண்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்கிற குரல் அது. நேற்றுப் பண்ணையார் எழவுக்கு ஆள் அனுப்பி அழச் சொன்னார். இன்றைக்கு நாம் ஆள் அனுப்பிக் குலவை போடச் சொல்கிறோம். யாருக்காகப் பாடுவது என்பதை அவள் முடிவு செய்ய வேண்டாமா?

கூலி விஷயமும் அப்படித்தான். 1931இல் நாட்டார்கள் போட்ட கணக்கு ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் வயக்காட்டில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது போகவில்லை. 2005ஆம் வருஷத்துச் சட்டத்தால் நூறு நாள் வேலை வந்தபோதுதான், எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் ஆணுக்குச் சமமான கூலியை முதல்முதலாகக் கையில் எண்ணினார்கள். இத்தனைக்கும் இடையில், நம் கலை இரவுகளில் பாட வந்த அம்மாவுக்குப் போக்குவரத்துக் காசும், பேச வந்த தோழருக்குச் சால்வையும் கவரும் கொடுத்து அனுப்பினோமே, அது எத்தனை அணாக் கணக்கு?

இப்போது ஒரு சிக்கலான விஷயம். 'இவ்வளவு பேசுகிறவள் இந்தக் கட்டுரையில் உன் ஊர்ப் பாட்டுக்காரிகள் பேரை ஏன் எழுதவில்லை?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளையார்பட்டி வட்டாரத்தில் நடவுக்குப் போகிற, சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி அள்ளுகிற, காரைக்குடிக்குச் சித்தாள் வேலைக்கு பஸ் ஏறுகிற அக்காமாரிடம் நான் கேட்டேன். ஒருவர் சொன்னார்: 'ஏத்தா, பாட்ட எழுதிக்க. பேரப் போடாத. வரப்புக்காரனத் திட்டுன பாட்டு எம் பேரோட வந்தா நாளைக்கு வேலைக்குக் கூப்புடுவானா? எம் மகளுக்கு இந்த ஊருல கல்யாணம் காச்சி நடக்கணும்.' பேர் தெரியாதவர் வேறு, பேரைச் சொல்ல முடியாதவர் வேறு. முதலாவது ஆய்வாளரின் அலட்சியம். இரண்டாவது இன்றைக்கும் நிற்கிற சாதியின் காவல். 'பெயர் தெரியவில்லை' என்று எழுதும்போது இந்த இரண்டாவதை மூடி மறைத்துவிடுகிறோம். பேரைப் போடு என்று சொல்வதும் போடாதே என்று சொல்வதும் பாடினவளின் உரிமை. கேட்காமலே விட்டுவிட யாருக்கும் உரிமையில்லை.

சட்டம்கூட இதைத்தான் சொல்கிறது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் நிகழ்த்துகிறவருக்கு உரிமை உண்டு என்று சேர்த்தார்கள். 2012இல் வந்த திருத்தம், நிகழ்த்தினவர் தாம்தான் நிகழ்த்தினோம் என்று பேர் போடச் சொல்லிக் கேட்கலாம் என்றும் சொல்லிவிட்டது. சேரியில் உட்கார்ந்து செல்போனில் ஒப்பாரியைப் பதிவு பண்ணிக்கொண்டு போய், பின்னணி இசை சேர்த்து, தன் பேரைப் போட்டு உலவ விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். நம் அக்காமாருக்கு நாம் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

ஆகவே தோழர்களே, வேண்டுகோள் என்று சொல்ல மாட்டேன், இவை எங்கள் நிபந்தனைகள். பாட்டுக் கேட்க வருகிறவர்கள் கூலிவேலை இல்லாத நேரத்தில் வரட்டும், வேலை நேரத்தில் வந்தால் அன்றைய கூலியைக் கொடுக்கட்டும். பேர் போடலாமா என்று கேட்கட்டும். புத்தகமோ கேசட்டோ படமோ ஆனால் பாதிப் பணம் பாடினவருக்கு வரட்டும். அச்சடித்ததைத் திரும்பக் கொண்டு வந்து அவர் முன்னால் வாசித்துக் காட்டட்டும். தப்பு என்று அவர் சொன்னால் திருத்தட்டும். எங்கள் மேடையில் குலவை போடக் கூப்பிடுகிறவர்கள் பேசவும் கூப்பிடட்டும். இந்தச் சிவகங்கைச் சீமையில் சேரிப் பெண் கட்டின பாட்டுக்கு நாட்டார் பாடல் என்று இனி யாரும் பேர் வைக்க வேண்டாம். பூ வைக்காதே, மஞ்சள் பூசாதே, மேளம் வைக்காதே என்று சொன்னவர்களின் பட்டத்தை எங்கள் ஆத்தாமாரின் பாட்டுக்குச் சூட்டாதீர்கள்.

இந்தப் பத்திரிகைக்குப் பாட்டுச் சேகரித்து அனுப்புகிற தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒன்று. பாடினவர் சம்மதித்தால் அவர் பேரை மேலே போடுங்கள், உங்கள் பேரைக் கீழே போடுங்கள். சம்மதிக்காவிட்டால், பயந்தால், அவர் பாட்டை நாலு தரம் படியுங்கள். அதில் வேறு யாருக்கும் வாய்க்காத ஒரு சொல் கட்டாயம் இருக்கும். அதை எடுத்து, அவரிடம் காட்டி, 'இந்தப் பேரு வைக்கட்டுமா ஆத்தா?' என்று கேளுங்கள். சரி என்றால் பின்னால் ஒரு 'ஆர்' சேர்த்து எழுதுங்கள்.